சிங்கப்பூர் பிராஸ் பாசா பக்கம் டீனேஜ் பசங்களுக்கு பெயிண்டிங் கிளாஸ், காசு போடலாமா?

என் பொண்ணு செக் 3 (செகண்டரி மூணாம் வருஷம்), ஸ்கூல்ல ஆர்ட் எடுத்திருக்கா. பிராஸ் பாசா பக்கத்துல ஒரு சின்ன ஸ்டூடியோவுல சனிக்கிழமை அக்ரிலிக் (தண்ணியில கலக்குற, சீக்கிரம் காயுற பெயிண்ட்) கிளாஸ்ல சேத்துவிட்டோம், இப்ப ரெண்டாவது டேர்ம் ஓடுது. கோயில்ல பாக்குறவங்க, டியூஷன் வாசல்ல பாக்குறவங்கன்னு எல்லாரும் எப்படி இருக்குன்னு கேக்குறாங்க, அதான் விவரமா எழுதுறேன்.

முதல்லயே சொல்லிடுறேன், வாரா வாரம் சுவத்துல மாட்டுற மாதிரி ஒரு படத்தோட புள்ள வீட்டுக்கு வரணும்னு நினைச்சா இந்த கிளாஸ் உங்களுக்கு இல்ல. அந்த மாதிரி இடங்க நெறைய இருக்கு, டீச்சர் ஒரு படத்த காட்டுவாங்க, பசங்க பாத்து அப்படியே போடுவாங்க, முடிக்க வேண்டியத டீச்சரே ரெண்டு கோடு போட்டு முடிச்சுக் குடுத்துடுவாங்க. இங்க டீச்சர் பசங்க போர்டுல கையே வைக்க மாட்டாங்க, எனக்கு ரொம்ப பிடிச்சதே அதுதான்.

முதல் சில வாரம் வெறும் கலர் கலக்குறதுதான். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) மட்டும் வச்சு கட்டம் கட்டமா சாம்பல் நிறம், கொஞ்சம் நீலம் கூடினா குளிர்ச்சியா, சியன்னா கூடினா சூடா. அத வீட்டுக்கு கொண்டு வந்தப்ப வீட்டுக்காரர் "இதுக்கா இவ்ளோ காசு"ன்னு கேட்டுட்டாரு. ஆனா அதுக்கு அப்புறம் அவ போடுற நிழல் எல்லாம் மாறிப்போச்சு, கருப்பு ட்யூப தொடுறதே இல்ல. அக்ரிலிக் காஞ்சா ஒரு சாயல் கருத்துடும், ஈரமா இருக்கும்போது பால் மாதிரி இருக்குற பசை காஞ்சதும் கண்ணாடி மாதிரி தெளிஞ்சுடுறதால அப்படி ஆகுதாம், அதனால கொஞ்சம் வெளுப்பாவே கலக்கணும்னு இப்ப அவ எனக்கு பாடம் எடுக்குறா.

அப்புறம் ஹார்ட் எட்ஜ், அதாவது ரெண்டு கலர் சேருற ஓரம் பளிச்சுன்னு நேரா இருக்குறது. மாஸ்கிங் டேப் ஒட்டி அடிச்சா கலர் அடியில கசிஞ்சு ஓரம் பிசிறடிக்கும் இல்லையா, அதுக்கு டேப் ஓரத்துல முதல்ல அடியில இருக்குற அதே கலரயே ஒரு தடவ பூசி அடைச்சுட்டு, அது காஞ்சதும் புது கலர் போட்டு, ஈரம் இருக்கும்போதே டேப்ப உரிக்கணும். கத்தி வச்சு வெட்டின மாதிரி கோடு வருது. இத கத்துக் குடுக்கும்போது நம்ம சிங்கப்பூர் ஓவியர் ஆன்டனி பூனோட 'வேவ்' சீரிஸ் (அலை மாதிரி வளையுற) படங்கள காட்டியிருக்காங்க. மாடலிங் பேஸ்ட் (கெட்டியான பசை மாதிரி ஒண்ணு) வச்சு மேடு பள்ளம் கட்டுற வாரத்துல இன்னொரு சிங்கப்பூர் ஓவியர் ஜேன் லீயோட படைப்புகள காட்டினாங்க. அவங்க பெயிண்ட்ட பிழிஞ்சு, குவிச்சு, சுருட்டி ஒரு பொருளாவே ஆக்கிடுறவங்க. பேஸ்ட்ட ஒரே தடவையில தடியா அப்பினா வெடிப்பு விடும், அடுக்கடுக்கா காயவிட்டுத்தான் போடணும், அவசரக்காரப் பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி.

ஒரு வாரம் கிளாஸே நேஷனல் கேலரி ஓவியக் காட்சியகத்துல. சிட்டிசன், பிஆருக்கு (நிரந்தரவாசி) நிரந்தரக் கண்காட்சி இலவசம், அதனால தனிச் செலவு இல்ல. சிங்கப்பூர் ஓவியர் லியூ காங் 1954ல வரைஞ்ச 'ஆர்ட்டிஸ்ட் அண்ட் மாடல்' பத்திப் பேசியிருக்காங்க, உருவத்த சுத்தி பாத்திக் துணியில மெழுகு விட்ட இடம் மாதிரி வெள்ளைக் கோடு ஓடும், 1952ல அவரும் இன்னும் மூணு ஓவியர்களுமா பாலித் தீவுக்குப் போய்ட்டு வந்ததோட பலன் அது. கோடு எங்க தடிக்குது எங்க மெலியுதுன்னு மட்டும் பென்சில்ல குறிச்சுட்டு வரச் சொன்னாங்களாம். இப்படி ஒரு படத்த பாக்க எனக்கும் சின்ன வயசுல யாராவது சொல்லித் தந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

குறை இல்லாம இல்ல. ஒரு டேர்முக்கு 400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல, கேன்வாஸ் தனிக் காசு, அத சேரும்போதே தெளிவா சொல்லல. இடம் நெருக்கம், பெரிய கேன்வாஸ் வச்சா பக்கத்துப் பையன் முழங்கை இடிக்கும். ஆயில் பெயிண்ட் கிடையாது, மூடின ஏர்கான் ரூம்ல அத கரைக்குற டர்பன்டைன் வாசனை ஆகாதுன்னு வச்சிருக்காங்க, எனக்கு அது சரியாத்தான் படுது. ஸ்கூல் பரீட்சைக்குப் புள்ளைங்க செய்யவேண்டிய கோர்ஸ்வொர்க்க செஞ்சு குடுக்க மாட்டாங்க, கேள்வி கேட்டா பேசுவாங்க அவ்ளோதான்.

சேக்குறதுன்னா டிரையல் கிளாஸ் கேளுங்க, குடுக்குறாங்க. பெயிண்ட் ஸ்டூடன்ட் கிரேடே போதும், ஆனா வெள்ளையும் நீலமும் மட்டும் ஆர்டிஸ்ட் கிரேட் வாங்கிக் குடுங்க, பிக்மென்ட் (நிறப்பொடி) அதிகம், கலக்கும்போது வித்தியாசம் நல்லாவே தெரியும். பழைய டீ-ஷர்ட் போட்டு அனுப்புங்க, ஸ்கூல் யூனிஃபார்ம்ல அக்ரிலிக் காஞ்சா போகவே போகாது.