காலி இடத்தை விட்டுவைக்கத் தெரியாத கருவி: காசு கட்டி ஏஐ பயன்படுத்திய அனுபவம்

சந்தா புதுப்பிக்கும் தேதி நெருங்கும் நேரத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்கதான் ரொம்ப நாளா காசு கட்டி ஏஐ வச்சிருக்கீங்களே, நானும் வாங்கலாமா?" வாங்கலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. அவருக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. என்ன மாடல், எவ்வளவு பெரிய கோப்பை ஏற்கும், படம் வரையுமா என்பதெல்லாம் எங்கு தேடினாலும் கிடைக்கும், அதனால் அவற்றுக்குள் போகவில்லை. கட்டுரை நூல்களைச் செம்மைப்படுத்தி அச்சுக்குத் தயார் செய்வது என் தொழில். அடிக்குறிப்பு, நூற்பட்டியல், சொல்லடைவு, மெய்ப்பு என்றே நாள் போகும். அந்த வேலைக்கு இது எப்படி உழைத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சும்மா சொல்லக்கூடாது, சில வேலைகளில் அசத்தியிருக்கிறது. ஒரே ஆளின் பெயர் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு மாதிரியும் ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறு மாதிரியும் இருந்தால் பிடித்துக் கொடுக்கும். ஒரு பக்கத்துக்குள் 'குறிப்பிடத்தக்கது' என்று ஆசிரியர் மறுபடி மறுபடி எழுதியிருந்தால் காட்டும். மாலையில் கண் அயர்ந்து போகும் நேரத்தில் இது பெரிய உதவி.

நான் எதிர்பார்க்காத ஒரு பயனும் கிடைத்தது. சிக்கலான ஒரு பத்தியைக் கொடுத்து, 'இதைத் திருத்தாதே, இதிலிருந்து உனக்கு என்ன புரிந்தது என்று மட்டும் சொல்' என்று கேட்பேன். அது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் கோளாறு வாக்கியத்தில்தான் இருக்கும். 'அவர்' என்றது யாரை, 'அதன் பிறகு' என்றது எதன் பிறகு என்ற குழப்பமெல்லாம் அப்படியே மேலே வந்துவிடும். ஆசிரியரிடம் 'இந்த இடம் தெளிவில்லை' என்று சொன்னால் வருத்தப்படுவார். 'இதை இப்படியும் படிக்க முடிகிறது, பாருங்கள்' என்று காட்டினால் உடனே மாற்றிக் கொடுக்கிறார். இந்த ஒரு பயனுக்காகவே பல மாதம் சந்தா கட்டினேன்.

அப்படியிருந்தும் எனக்கு இதன் மேல் கோபம் வரக் காரணம் ஒன்றுதான். காலி இடத்தைக் காலியாக விட இதற்குத் தெரியவில்லை.

ஒரு நூற்பட்டியலைச் சொல்கிறேன். ஆசிரியர் பல காலமாகச் சேர்த்து வைத்தது. ஒரு குறிப்பில் நூலின் பெயர் முதலில் வரும், இன்னொன்றில் எழுதியவர் பெயர் முதலில் வரும், ஊர் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தேன். கையால் செய்தால் ஒரு முழு நாளைத் தின்கிற வேலை, நொடிகளில் வந்து நின்றது. ஆனால் மூலத்தில் ஒரு நூலுக்குப் பதிப்பாண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறிதான் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. திரும்பி வந்த பட்டியலில் அதே அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டு உட்கார்ந்திருந்தது. மேலே இருந்த ஆண்டுகளுக்கும் கீழே இருந்த ஆண்டுகளுக்கும் பொருந்துகிற மாதிரியான ஆண்டு. யாருக்கும் சந்தேகம் வராது. பழைய பட்டியலோடு வரி வரியாக ஒப்பிட்டதால் மாட்டியது. அப்புறம் அந்த நூலையே தேடிப் பிடித்துப் பார்த்தால், அதன் முகப்புப் பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஆண்டே அச்சிடப்படவில்லை! 'ஆண்டு இல்லை' என்று போடுவதுதான் அங்கே சரியான குறிப்பு.

ஒரே ஓர் ஆண்டுதானே என்று நண்பர் கேட்கலாம். எங்கள் தொழிலில் காலியாக இருக்கும் அடைப்புக்குறியும் ஒரு தகவல். 'இதை இன்னும் யாரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும்' என்று ஆசிரியர் தனக்கும் எனக்கும் வைத்திருக்கும் குறி அது. கருவி அதை அழித்துவிட்டு, பார்த்து முடித்தாகிவிட்டது என்பது போன்ற தோற்றத்தைக் கொடுத்துவிட்டது. தப்பு நடந்த இடத்தில் தழும்பே இல்லாமல் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மனிதர் செய்த பட்டியலில் தப்பு இருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோ அடித்தல் திருத்தலோ ஏதோ ஒரு தடயம் இருக்கும். இங்கே சரியான வரியும் புனைந்த வரியும் ஒரே பளபளப்போடு வருகின்றன.

'காலியாக இருந்தால் காலியாகவே விடு' என்று சொல்லிப் பார்க்க வேண்டியதுதானே என்றால், சொன்னேன். தெளிவாக, தனி வரியாக எழுதிச் சொன்னேன். பெரும்பாலும் கேட்கிறது. பட்டியல் நீளமாகிவிட்டால் எங்கோ ஓரிடத்தில் மறுபடி நிரப்பிவிடுகிறது. பெரும்பாலும் என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எந்த வரியில் கேட்கவில்லை என்று கண்டுபிடிக்க எல்லா வரியையும் பார்த்தாக வேண்டும்.

இது ஏன் இப்படி என்பதற்கு விளக்கம் இருக்கிறது. இந்த மாடல்கள் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துத்தான் எழுதுகின்றன. நடந்த உண்மையும் நடந்திருக்கக்கூடிய பொய்யும் அதே வழியாகத்தான் வெளியே வருகின்றன. 2025 செப்டம்பரில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்களே ஒரு கட்டுரையில் இன்னொரு காரணத்தையும் சொன்னார்கள். மாடல்களை மதிப்பிடும் சோதனைகளில் 'தெரியாது' என்று சொன்னால் மதிப்பெண் கிடையாது, குத்துமதிப்பாகச் சொன்னது சரியாகிவிட்டால் மதிப்பெண் உண்டு. நெகட்டிவ் மார்க் இல்லாத தேர்வில் எந்த மாணவன் கேள்வியை விட்டுவிட்டு வருவான்? அப்படித் தேர்வு எழுதியே வளர்ந்த கருவி இது. செய்தவர்களுக்கே காரணம் தெரிந்திருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் 'உங்கள் உதவியாளர்', 'உங்கள் ஆய்வாளர்' என்றுதான் வருகிறது. பெரிய எழுத்தில் அப்படிப் போட்டுவிட்டு, 'தவறுகள் நேரலாம், சரிபார்த்துக்கொள்ளவும்' என்ற வரியை அடியில் பொடி எழுத்தில் வைக்கிறார்கள்.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளுக்கும் இதே குணம் உண்டு. ஓபன்ஏஐயின் விஸ்பர் கருவியை ஆராய்ந்தவர்கள் 2024ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 1 சதவீதம் ஒலித்துண்டுகளில் யாருமே சொல்லாத சொற்றொடர்களும் வாக்கியங்களும் எழுத்தில் வந்திருந்தன. பேச்சில் இடைவெளி கூடக்கூட இது கூடியது. மூளை பாதிப்பால் பேச்சுத் தடுமாறும் அஃபேசியா உள்ளவர்களின் பதிவுகளில் மற்றவர்களுடையதைவிட அதிகம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பதறியது. வாய்மொழி வரலாறு சேகரிக்கும் ஆசிரியர்களோடு வேலை செய்கிறவன் நான். ஒரு முதியவர் பேச்சை நிறுத்தி மௌனமாக இருக்கும் அந்த நேரமும் சாட்சியத்தில் சேர்த்தி. அந்த இடத்தில் அவர் சொல்லாத வாக்கியத்தை அவர் பெயரில் எழுதி வைப்பது சின்ன விஷயமா?

'திரும்பக் கேட்டால் திருத்திக்கொள்ளுமே' என்பார்கள். அதுதான் அடுத்த எரிச்சல். தப்பாகச் சொன்னதை 'நிச்சயமா?' என்று கேட்டால் மன்னிப்புக் கேட்டு மாற்றும். சரியாகச் சொன்னதை அதே தொனியில் கேட்டாலும் மன்னிப்புக் கேட்டு மாற்றும். அப்புறம் அந்த மன்னிப்புக்கு என்ன மதிப்பு? சில நேரம் தலைகீழாக, பொய்யையே மறுபடி சாதிக்கும். 2023ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் 'இது உண்மையான வழக்குதானா' என்று அதனிடமே கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறது. எதற்கெடுத்தாலும் தலையாட்டும் குணம் 2025 ஏப்ரலில் அளவு மீறிப் போய், சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருந்த ஜிபிடி 4ஓ மாடலின் ஒரு புதுப்பிப்பை ஓபன்ஏஐ சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அளவு மீறியதைக் குறைத்தார்களே தவிர, குணம் போகவில்லை.

நேரம் மிச்சமா என்ற கேள்விக்கு வருகிறேன், நண்பர் முக்கியமாகக் கேட்டது அதைத்தான். மிச்சமாவது போல் இருக்கிறது. அந்த 'போல்' என்பதில்தான் சூட்சுமம். மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025ல் அனுபவமுள்ள 16 திறமூல நிரலாளர்களை (யாரும் பார்த்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்ட மென்பொருள்களை எழுதுகிறவர்களை) வைத்து, 246 பணிகளில் ஒரு சோதனை நடத்தியது. ஏஐ உதவினால் 24 சதவீதம் நேரம் குறையும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் 19 சதவீதம் கூடுதலாக ஆனது. வேலை முடிந்த பிறகும், 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். தங்களுக்கு நன்றாகப் பழகிய நிரல்களில் வேலை செய்தவர்கள் அவர்கள். எல்லாத் தொழிலுக்கும், பிறகு வந்த எல்லாக் கருவிக்கும் இதை அப்படியே பொருத்துவது நியாயமில்லை. ஆனால் எனக்கு அந்த மனநிலை நன்றாகவே புரிகிறது. தட்டச்சு செய்யும் நேரம் கண்ணுக்குத் தெரிந்து குறைகிறது. சரிபார்க்கும் நேரமோ இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று சிதறிப் போவதால் கணக்கில் வருவதில்லை. நானே செய்த பட்டியலில் எங்கே தடுமாறினேன் என்று எனக்கு நினைவிருக்கும், அந்த இடத்தை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். இது செய்த பட்டியலில் முதல் வரியும் சந்தேகம், கடைசி வரியும் சந்தேகம்.

உலகத்தையே புரட்டிப் போடும் என்ற பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 2024ல் பொருளியல் நோபல் பெற்றவர்களில் ஒருவரான டாரன் அசிமோக்லு, அதே ஆண்டு வெளியிட்ட கணக்கில், ஏஐயால் வரும் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் (அதே உழைப்பையும் முதலீட்டையும் வைத்துக் கூடுதலாக உற்பத்தி செய்யும் திறன்) உயர்வு 10 ஆண்டுகளில் 0.66 சதவீதத்துக்கு மேல் போகாது என்று மதிப்பிட்டார். வேறு கணக்குப் போடுகிற பொருளியலாளர்களும் இருக்கிறார்கள். என் மேசையில் நான் பார்த்த அளவுக்கு அசிமோக்லு சொல்வதுதான் ஒத்துவருகிறது.

சரி, முடிவு. சந்தாவை ரத்து செய்துவிட்டேன். மேலே இவ்வளவு பாராட்டிவிட்டு இது நியாயமா என்று நண்பர் கேட்பார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வைத்திருப்பதே லாபமாக இருக்கலாம். பத்தியைப் படித்துக் காட்டச் சொல்லும் அந்த ஒரு பயனை நிச்சயம் தேடுவேன், அதற்கு இலவசப் பதிப்பு ஓரளவு தாங்கும். ஆனால் அந்த அடைப்புக்குறியை நினைத்தால் இதற்குக் காசு கட்ட எனக்குக் கை வரவில்லை. நண்பர் கடிதம் எழுதவும், ஆங்கில மின்னஞ்சல்களைச் சீர்செய்யவும் கேட்கிறார் என்றால் தாராளமாக வாங்கட்டும். பெயர், ஆண்டு, பக்க எண், மருந்தளவு, சட்டப்பிரிவு என்று ஒன்று பிசகினாலும் ஆபத்தான வேலைக்கு என்றால் வேண்டாம் என்பேன்.

ரத்து செய்ததால் எனக்கு விடுதலை கிடைத்துவிடவும் இல்லை. நான் விட்டாலும் எனக்குப் பிரதி அனுப்புகிறவர்கள் விடவில்லை. இல்லாத நூல்கள், எழுதாதவர் பெயரில் கட்டுரைகள், தொகுதியும் பக்கமும் கச்சிதமாகப் பொருந்திய போலி அடிக்குறிப்புகள் எல்லாம் இப்போது ஆசிரியர்கள் வழியாக என் மேசைக்கு வருகின்றன. அதனால் வேலையை ஏற்கும்போதே, எந்தெந்த அடிக்குறிப்புகள் ஏஐ கருவி வழியாக வந்தவை என்று குறித்து அனுப்பும்படி கேட்கிறேன். அவற்றை மூல நூலோடு ஒப்பிட்ட பிறகுதான் மற்றதில் கை வைக்கிறேன். அதற்கு ஆகும் நேரத்தைப் பதிப்பாளருக்கு அனுப்பும் கட்டணப் பட்டியலில் தனி வரியாகச் சேர்க்கவும் ஆரம்பித்திருக்கிறேன்.