போர்த்மடோக்கில் சேரும் இரண்டு மலை ரயில்கள்

வடக்கு வேல்ஸின் போர்த்மடோக் நிலையத்துக்கு இரண்டு குறும்பாதை ரயில்கள் வருகின்றன: ஃபெஸ்டினியோக், வெல்ஷ் ஹைலேண்ட். இரண்டுக்கும் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள அகலம், ஒன்றுதான்: 597 மில்லிமீட்டர். இரண்டு அடிக்கு அரை அங்குலம் குறைவு. ஆனால் ஏற்றத்தைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பிறவிகள்.

ஃபெஸ்டினியோக் 1836-ல் திறந்தபோது அதில் எஞ்சினே கிடையாது. குவாரியில் வெட்டிய ஸ்லேட் என்ற பலகைக்கல்லைத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக மலையின் மடிப்புகளை ஒட்டியே வளைத்து வளைத்து, சராசரியாக 92 அடிக்கு ஓர் அடி சரியும்படி பாதை போட்டார்கள். அவ்வளவு நெருக்கமாக வளைய முடிந்ததற்குக் காரணம் அந்தச் சின்ன கேஜ். தொடக்கத்தில் மோயல்வின் மலையை மட்டும், வண்டிகளைக் கயிற்றால் இழுக்கும் சாய்தளம் வைத்துத் தாண்டினார்கள். 1842-ல் சுரங்கம் குடைந்ததும் அந்தத் தொல்லையும் போயிற்று. சுமை வண்டிகள் தாமாகவே உருண்டு வரும். பிரேக்காரர்கள் வண்டிக்கு வண்டி தாவிக் கைப்பிரேக் போடுவார்கள். காலி வண்டிகளை மேலே இழுத்துப்போன குதிரைகள், இறங்கும்போது தனிப் பெட்டியில் நின்றபடி சவாரி செய்தன! நீராவி எஞ்சின் 1863-ல் வந்த பிறகும் ஸ்லேட் இப்படி உருள்வது 1939 வரை நிற்கவில்லை.

வெல்ஷ் ஹைலேண்டில் இது நடக்காது. கடற்கரையிலிருந்து ஏறி, ஸ்னோடன் மலையின் மேற்குப் பக்கமாகக் கணவாயைத் தாண்டி, மறுபுறம் கார்னர்வனுக்கு இறங்கும் 25 மைல் பாதை அது. வழியிலுள்ள பெத்கெலர்ட் கிராமத்துக்கு மேலே 40 அடிக்கு ஓர் அடி ஏற்றம், கூடவே வளைவுகள். அதனால்தான் முன்பு தென்னாப்பிரிக்காவில் ஓடிய, வளைவில் மடங்கிக்கொடுக்கும் ‘காரட்’ வகைப் பெரிய நீராவி எஞ்சின்கள் இன்று அங்கே இழுக்கின்றன. அவற்றின் பலம் பிரமிக்க வைக்கும், சரிதான். ஆனால் அங்கே எஞ்சின் மலையோடு மல்லுக்கட்டுகிறது. ஃபெஸ்டினியோக்கில் மலையே எஞ்சினாக இருந்தது.

பக்கத்திலேயே ஸ்னோடன் மலை ரயில். கேஜ் 800 மில்லிமீட்டர், இரண்டையும்விட அகலம். ஆனால் 5.5 அடிக்கு ஓர் அடி ஏறும் இடத்தில் அகலம் என்ன செய்யும்? நம் நீலகிரி ரயிலைப் போலவே அங்கும் ஆப்ட் பல்சட்டம்தான் தாங்குகிறது: தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த அந்தப் பல்வைத்த சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஃபெஸ்டினியோக்கில் ஏறுங்கள். கட்டாயம் இறங்குகிற ரயிலில்.