தண்டர்பேர்டில் மெயிலை நகர்த்தினாலும் ஜிமெயிலில் இடம் ஏன் குறைவதில்லை? நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி அலுவலகம் நடத்தும் நண்பர் போன வாரம் கேட்டார்: "பழைய மெயிலெல்லாம் தண்டர்பேர்டுல லோக்கல் போல்டருக்கு இழுத்துப் போட்டுட்டனுங்க. பதினஞ்சு ஜிபி அப்படியே ரொம்பி நிக்குதுங்க. எங்கீங்க தப்பு?" அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். தண்டர்பேர்டு கம்ப்யூட்டரில் மெயில் படிக்கும் இலவச மென்பொருள், ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலை மென்பொருளில் காட்டும் முறை) வழியாக ஜிமெயில் போன்ற கணக்குகளை இணைக்கலாம், லோக்கல் போல்டர் நம் கம்ப்யூட்டரிலேயே இருப்பது என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. நேராக எரிச்சலுக்கே வருவோம்.

ஜிமெயிலில் போல்டர் கிடையாது, லேபிள்தான் உண்டு. லேபிள் என்பது மெயில்மேல் ஒட்டும் சீட்டு. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவருக்கு லேப் டிப் அப்ரூவல் (சாயமிட்ட மாதிரித் துணியின் நிறத்துக்கு வாங்குபவர், அதாவது பையர், தரும் ஒப்புதல்) மெயில் வருகிறது என்று வையுங்கள். அவர் பையர் பெயரில் ஒரு லேபிள், ஸ்டைல் நம்பரில் ஒரு லேபிள் போடுகிறார். சர்வரில் இருப்பது ஒரே மெயில். தண்டர்பேர்டிலோ அது இன்பாக்ஸ், பையர், ஸ்டைல், ஆல் மெயில் என்று நான்கு இடத்தில் தெரியும். இன்பாக்ஸில் இருப்பதை இழுத்து லோக்கல் போல்டரில் போட்டால், ஜிமெயில் இன்பாக்ஸ் சீட்டை மட்டும் கிழித்துவிட்டு மெயிலை ஆல் மெயிலில் வைத்துக்கொள்ளும். இடம் ஒரு எம்பி கூடக் குறையாது. நான்கு போல்டரையும் தனித்தனியாக நகலெடுத்தால் உங்கள் டிஸ்கில் ஒரே அப்ரூவல் நான்கு தடவை உட்காரும்.

நியாயமாகப் பார்த்தால் இது தண்டர்பேர்டின் பிழை இல்லை. லேபிள் முறை நல்ல முறை. ஒரே மெயிலைப் பையர்வாரியாகவும் ஸ்டைல்வாரியாகவும் தேட முடிவதே அதனால்தான். ஆனால் ஐமேப்புக்குத் தெரிந்தது போல்டர் மட்டுமே, தண்டர்பேர்டும் லேபிளுக்கு அதே போல்டர் படத்தைப் போட்டுக் காட்டுகிறது. "இது ஜிமெயில் கணக்கு, நகர்த்தினால் அங்கே அழியாது" என்று ஒரு வரி காட்டினால் போதும், எத்தனையோ பேருடைய ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும். அந்த ஒரு வரி இல்லாததுதான் எனக்குத் தீராத கோபம்.

நகலெடுத்து இடத்தை மீட்கும் ஒழுங்கான வழி இது. முதலில் பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸுக்குள் போய், லேபிள்ஸ் பக்கத்தில் "ஷோ இன் ஐமேப்" டிக்கைப் பாருங்க. தனித்தனி போல்டராக வேண்டிய லேபிளுக்கு மட்டும் டிக் இருக்கட்டும். ஒட்டுமொத்த நகல் போதும் என்றால் ஆல் மெயில் ஒன்றே போதும், ஆனால் ஸ்பாமும் டிராஷும் அதில் வராது. பாப்/ஐமேப் பக்கத்தில் போல்டர் அளவு வரம்பு என்று ஒன்று உண்டு. யாராவது அதை 1,000 அல்லது 10,000 மெயில் என்று வைத்திருந்தால், அதற்கு முந்தைய மெயில் தண்டர்பேர்டுக்கு வரவே வராது, பிழைச் செய்தியும் வராது. பேக்கப் முடிந்தது என்றே நினைத்திருப்போம்.

பிறகு தண்டர்பேர்டில் போல்டர்மேல் வலது கிளிக், பிராப்பர்டீஸ், சிங்க்ரனைசேஷன், "டவுன்லோடு நவ்". முழு மெயிலும் இறங்கிய பிறகு லோக்கல் போல்டருக்கு நகலெடுங்க. காப்பி மட்டும்தான், மூவ் வேண்டாம். இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்து வருகிறதா பாருங்க. அங்கங்கே நாலு பழைய மெயிலைத் திறந்து, அட்டாச்மென்ட் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்க.

அழிப்பதைப் பிரவுசரில் செய்யுங்க. அதற்கு முன்னால் ஜெனரல் செட்டிங்ஸில் கான்வர்சேஷன் வியூவை அணைத்தே ஆக வேண்டும். அணைக்காவிட்டால், 2019 மெயில் என்று நினைத்து நீங்கள் டிக் செய்வது அந்தத் தொடர் முழுவதையும் எடுக்கும், நேற்று வந்த பதில் உட்பட. ஒரே ரிப்ளை தொடரில் வருஷக்கணக்கில் பேசும் பையர்கள் இருக்கும் ஊர் நம்மூர். அழித்த பிறகு டிராஷைக் காலி செய்யுங்க, இல்லையென்றால் இடம் திரும்ப 30 நாள் ஆகும். அந்த 15 ஜிபியில் கூகுள் டிரைவும் கூகுள் போட்டோஸும் பங்கு வாங்குகின்றன. மெயிலை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு தண்டர்பேர்டை ஏன் விடவில்லை என்றால், எம்பாக்ஸ் என்ற கோப்பு வகைக்காக. லோக்கல் போல்டர் ஒவ்வொன்றும் சாதாரண எழுத்துக்கோப்பு. பக்கத்தில் எம்எஸ்எஃப் என்ற விரிவுப்பெயரோடு இருப்பது வெறும் அட்டவணை. போல்டர் காலியாகத் தெரிந்தால் பதறாமல், தண்டர்பேர்டை மூடி அந்த எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் அழித்துத் திறங்க. அட்டவணை புதிதாக உருவாகி மெயில் எல்லாம் வந்து நிற்கும். கம்ப்யூட்டர் மாற்றும்போது புரொபைல் போல்டரை (தண்டர்பேர்டின் மெயிலும் அமைப்புகளும் இருக்கும் போல்டர்) நகலெடுத்தாலே போதும். மென்பொருளே நாளைக்கு இல்லாமல் போனாலும் மெயில் போகாது.

ஏற்றுமதிக்காரருக்கு இதன் அருமை டெபிட் நோட் வரும் அன்று தெரியும். சரக்குப் போய்ச் சேர்ந்து எத்தனையோ நாள் கழித்து ஷேடு (நிறம்) சரியில்லை என்று பையர்கள் டெபிட் நோட் அனுப்பிப் பணத்தில் பிடித்தம் போடுவார்கள். கையில் இருக்க வேண்டியது அந்த அப்ரூவல் மெயில். ஜிஎஸ்டி சட்டமே கணக்குப் பதிவுகளை, அந்த ஆண்டின் ஜிஎஸ்டி வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைப்பது போதாது. ஹெடர் (மெயில் எங்கிருந்து, எந்த சர்வர் வழியே வந்தது என்ற விவரம்) அதில் முழுதாக வராது. முக்கியமானதை, ஒரு மெயிலை ஹெடரோடு முழுதாக வைத்திருக்கும் இஎம்எல் கோப்பாகச் சேமியுங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்டும்போது தரும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) கேட்கிறார்கள். 7-ஜிப் என்ற இலவச மென்பொருள் இருந்தால் கோப்பின்மேல் வலது கிளிக்கிலேயே ஷா-256 என்ற வகை ஹேஷை எடுக்கலாம்.

போல்டர் முழுவதையும் இஎம்எல் ஆக்க இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற ஆட்-ஆன் (தண்டர்பேர்டோடு சேர்க்கும் துணைக் கருவி) வேண்டும். மெயில் தலைப்பே கோப்பின் பெயராகும். பத்து "ஆர்இ", "எஃப்டபிள்யூ" சேர்ந்த தலைப்பு, ஆழமான போல்டருக்குள் போனால் விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பில் இடிக்கும். டி டிரைவின் மேல்மட்டத்தில் இரண்டெழுத்துப் பெயரில் போல்டர் வைத்து அதில் எடுங்க. ஆட்-ஆனை நம்பியிருக்கும் அலுவலகம் ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) பதிப்பிலேயே இருப்பது நல்லது. மாதா மாதம் புதுப்பிக்கும் பதிப்பில் ஆட்-ஆன் பின்தங்கிவிடும்.

எம்பாக்ஸுக்கும் குறை உண்டு. எல்லா மெயிலும் ஒரே கோப்பு என்பதால், ஒரு வைரஸ் மெயிலுக்காக ஆன்டிவைரஸ் இன்பாக்ஸ் முழுவதையும் தூக்கி அடைத்துவிடக்கூடும். 4 ஜிபி தாண்டிய கோப்பு எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஏறாது, டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்ற வேண்டும். டூல்ஸ் மெனுவில் உள்ள எக்ஸ்போர்ட் 2 ஜிபிக்குள் இருக்கும் புரொபைலுக்குத்தான். அழித்த மெயில் கோப்பிலிருந்து உடனே போகாது, "காம்பேக்ட்" கொடுத்தால்தான் கோப்பு சுருங்கும்.  அது ஓடும்போது கரண்ட் போனால் கோப்பு கெடலாம். யுபிஎஸ் இல்லாத மிஷினில் செய்யாதீங்க.

ஒரு ஜிமெயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவர்கள் நாள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கூகுள் அறிவித்திருக்கும் ஐமேப் வரம்பு நாளொன்றுக்கு இறக்க 2,500 எம்பி, ஏற்ற 500 எம்பி. 12 ஜிபி பெட்டியை இறக்க 5 நாள், ஏற்ற 24 நாள். இதை இழுத்துப்போட்டுச் செய்தால் நடுவில் அறுந்து, எது போனது எது போகவில்லை என்றே தெரியாது. இமாப்சிங்க் என்ற கட்டளைவரிக் கருவி, விட்ட இடத்திலிருந்து தொடரும், போனதைத் திரும்ப ஏற்றாது.

ஆகவே கரூர் நண்பருக்குச் சொன்னது: மெயில் நகர்த்தத் தண்டர்பேர்டு வேண்டாமுங்க. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், ஆனாலும் சொல்கிறேன். ஜிமெயில் நகலுக்குக் கூகுள் டேக்அவுட் (நம் கணக்கின் தரவைக் கூகுளே கோப்பாகத் தரும் சேவை) எடுங்க. ஒரு மெயில் ஒரே தடவைதான் வரும், லேபிள்கள் ஹெடரில் எழுதப்பட்டிருக்கும். அந்த எம்பாக்ஸ் கோப்பின் விரிவுப்பெயரை நீக்கி, தண்டர்பேர்டை மூடிய நிலையில் லோக்கல் போல்டர்ஸ் போல்டருக்குள் வைத்துத் திறங்க. தேடவும் படிக்கவும் தண்டர்பேர்டே போதும். அந்தக் கோப்பின் இன்னொரு நகலை வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு, அலுவலகத்தில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்க.