லைசென்ஸை மறுபடி எடுக்க நான் போன தனி வாத்தியார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிங்கப்பூரில் குடித்துவிட்டு ஓட்டி நான் மாட்டியது ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் தடவை 2012ல். அடுத்தது 2020ல், அதுவும் காலை ஆறரை மணிக்கு. ராத்திரி குடித்ததெல்லாம் தூக்கத்தில் இறங்கியிருக்கும் என்று நம்பி வேனை எடுத்தேன். 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம்தான் எல்லை, மெஷின் அதைத் தாண்டிக் காட்டியது. 2019 நவம்பரிலேயே சட்டத்தை இறுக்கியிருந்தார்கள். இரண்டாம் முறை என்றால் 5,000லிருந்து 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், கூடவே சிறை, குறைந்தது 5 வருடத் தடை, அந்த 5 வருடமும் உள்ளேயிருந்து வெளியே வந்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

தடை முடிந்தால் பழைய லைசென்ஸ் தானாகத் திரும்பி வரும் என்று கோப்பிக்கடையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். தடை ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் அந்த லைசென்ஸ் செத்தது செத்ததுதான். பேசிக் தியரி, ஃபைனல் தியரி என்று இரண்டு கேள்வி பதில் தேர்வு, அப்புறம் சாலைத் தேர்வு, எல்லாம் பதினெட்டு வயசுப் பையன் மாதிரி முதலிலிருந்து. பேசிக் தியரியில் 50 கேள்விக்கு 45 சரியாக இருக்கவேண்டும். இருபது வருடம் ஓட்டியவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று புத்தகத்தைப் புரட்டாமல் போய் 43 வாங்கிக்கொண்டு திரும்பினேன். சிரிக்காதீர்கள்.

சாலைப் பயிற்சிக்கு முதலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில்தான் சேர்ந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புது ஆள். ஏற்கெனவே ஓட்டத் தெரியும் என்றதும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நான்கு பாடம் போயும் என் கையை யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் தெரிந்தவர் ஒருவர் மூலம், எந்த ஸ்கூலையும் சேராமல் சொந்தமாகக் கற்றுக்கொடுக்கும் இந்தத் தனி வாத்தியார் கிடைத்தார். இங்கே தனி வாத்தியார்களுக்குப் புதிதாக உரிமம் கொடுப்பதை 1987லேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் மிச்சமிருப்பவர்கள் எல்லாம் பழைய கைகள். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஏன் தம்பி திரும்ப எடுக்கிறீங்க?" சொன்னேன். "எத்தனை தடவை?" சொன்னேன். "சரி. பாடத்துக்கு முந்தின நாள் ராத்திரி தொடக்கூடாது. வாசனை வந்தா இறக்கி விட்டுடுவேன், காசும் திருப்பித் தரமாட்டேன்." அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புத்திமதி சொல்ல வீட்டிலும் கோயிலிலும் போதுமான ஆள் இருக்கிறார்கள், இவர் சொல்லாதது எனக்குப் பெரிய ஆறுதல்.

கற்றுக்கொடுக்கிற விதம்தான் விஷயம். முதல் நாள் ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் ஓட்டவிட்டுவிட்டு, ஓரமாக நிறுத்தச் சொல்லி, நான் செய்த தப்பை எல்லாம் தாளில் எழுதிக் காட்டினார். ஒரு பக்கம் நிறைந்திருந்தது. ஒரு கையால் ஸ்டியரிங் பிடிப்பது, கியர் மேலேயே இடது கையை வைத்திருப்பது, லேன் மாறும்போது கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பாமல் போவது. தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம் தம்பி, உங்களுக்கு மறக்கச் சொல்லிக்கொடுக்கணும் என்றார். பிளைண்ட் ஸ்பாட், அதாவது கண்ணாடியில் தெரியாத பக்கத்தை, பார்க்க மறந்தால் திட்டமாட்டார், டேஷ்போர்டை விரலால் ஒரு தட்டு தட்டுவார். இப்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் பஸ் லேன் மாறும்போது என் தலை தானாகத் திரும்புகிறது.

குறை இல்லாமல் இல்லை. காடியில் ஏர்கோன் பாதிதான் வேலை செய்கிறது, மதியம் இரண்டு மணி பாடம் எடுத்தால் சட்டை பிழிந்துவிடலாம். வாட்ஸ்அப்புக்குப் பதில் மறுநாள்தான் வரும். கிராங்க் என்கிற செங்கோணத் திருப்பம், எஸ் வளைவு, பார்க்கிங் எல்லாம் பழக ஸ்கூலுக்குள் இருக்கும் பயிற்சித் தடத்துக்குத்தான் போகவேண்டும், நுழையத் தனிக் கட்டணம். சிமுலேட்டர் பயிற்சியும் கட்டாயம், அதற்கும் ஸ்கூல்தான், எனக்குத் தலை சுற்றியது. தேர்வுத் தேதியை சிங்பாஸ் என்கிற அரசாங்க இணையக் கணக்கு வழியாக நாமேதான் பிடிக்கவேண்டும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கெல்லாம் உட்கார்ந்து தேடியிருக்கிறேன். 90 நிமிடத்துக்கு 90 வெள்ளி வாங்கினார், பதினோரு பாடம். கணக்குப் போட்டால் ஸ்கூலைவிட ரொம்ப மலிவு என்று சொல்லமுடியாது.

முதல் சாலைத் தேர்வில் தப்புக்குப் போடும் புள்ளி 22, 18ஐத் தாண்டினால் ஃபெயில். பழைய கை திரும்ப வந்துவிட்டது, ஒரு கை ஸ்டியரிங். போன் செய்து சொன்னபோது, "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது தடவை 8 புள்ளியில் பாஸ்.

லைசென்ஸ் வந்துவிட்டது, வேன் இன்னும் வாங்கவில்லை. இன்சூரன்ஸுக்கு இரண்டு இடத்தில் கேட்டேன். ஓரிடத்தில் விவரம் சொன்னதும் முடியாது என்றார்கள், இன்னொரு இடத்தில் சொன்ன தொகையைக் கேட்டு என் மனைவி பஸ்ஸிலேயே போங்க என்றாள்.