சினாலஜி டிஎஸ்220ஜே பெட்டியில் 4 டிபி அயன்வுல்ஃப்

எங்கள் வீட்டு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பயன்படுத்தும் பொதுச் சேமிப்புப் பெட்டி), சினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்220ஜே. 2020-இல் வந்த, இரண்டு டிஸ்க் போடக்கூடிய சின்னப் பெட்டி. இரண்டிலும் ஒரே தரவுதான் பதிகிறது. ராம் 512 எம்பிதான். வீட்டு லேப்டாப், போன் எல்லாம் இரவில் இதில்தான் பேக்கப் ஆகின்றன. அதோடு, அப்பா வானொலியிலிருந்து பதிவுசெய்து வைத்த கச்சேரி கேசட்டுகளையும் ஒவ்வொன்றாக டிஜிட்டலாக்கி இதில் சேர்த்து வருகிறேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் ஒரு 90 நிமிட கேசட்டுக்கே 3 ஜிபி வேண்டும். உள்ளே இருந்த 2 டிபி டிஸ்குகள் நிரம்பிவிட்டதால், பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு 4 டிபி சீகேட் அயன்வுல்ஃப் ஹார்ட் டிஸ்க் போட்டேன்.

நாஸுக்கு டிஸ்க் வாங்குகிறவர்கள் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது, அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பதை. இரண்டும் டிஸ்கில் தரவை எழுதும் முறைகள். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தடுத்ததையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரண நாளில் இது தெரியாது. டிஸ்க் மாற்றியதும் பெட்டி மணிக்கணக்கில் நிற்காமல் எழுதுமே, அப்போதுதான் வேகம் படுத்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்குகள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. சிஎம்ஆருக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வந்தது அதற்குப் பிறகு. அயன்வுல்ஃப் வரிசை முழுக்க சிஎம்ஆர், 3 வருட வாரன்டி. ரெட் பிளஸ் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம்.

நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். கடையில் நின்றபடியே சீரியல் நம்பரை சீகேட்டின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகள் புதியவை என்று விற்கப்பட்ட விவகாரம் 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெடித்தது. அதனால் இந்தச் சோதனையை யாரும் விட்டுவிட வேண்டாம்.

மாற்றும் வேலை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் பழைய டிஸ்க் இரண்டுக்கும் ஸ்மார்ட் (S.M.A.R.T., டிஸ்க் தன் நலத்தைத் தானே சோதிக்கும் வசதி) விரிவான சோதனை ஓட்டுங்கள். ஒன்றைக் கழற்றிய பிறகு மிச்சமிருக்கும் ஒற்றை டிஸ்கிலிருந்துதான் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும்; ஆபத்தான நேரம் அதுதான். இந்தப் பெட்டியில் ஓடும்போது டிஸ்கைக் கழற்றும் வசதி இல்லை. அணைத்து, பின்பக்கத் திருகுகளை எடுத்து, மூடியை நகர்த்தி, ஒரு டிஸ்கை மட்டும் மாற்ற வேண்டும். திரும்பப் போட்டதும் விடாமல் பீப் அடிக்கும், பயப்பட வேண்டாம். சினாலஜியின் ஸ்டோரேஜ் மேனேஜரில் பீப்பை நிறுத்திவிட்டு ரிப்பேர் கொடுத்தால் போதும், தரவு புதிய டிஸ்குக்கு நகலாகும். அது முடிந்த பிறகே அடுத்த டிஸ்க். யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

முதல் டிஸ்க் முடிந்ததும் இடம் கொஞ்சமும் கூடியிருக்காது. இரண்டாவதும் முடிந்த பிறகுதான், எஸ்ஹெச்ஆரில் (டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் சினாலஜியின் முறை), தானாக விரியும். 4 டிபி டிஸ்கை 3.6 டிபி என்றே காட்டும். டிஸ்க் தயாரிப்பாளர் 1000-ஆலும் பெட்டி 1024-ஆலும் கணக்கிடுவதால் அப்படி. எங்கள் கோப்புகள், பயனர் கணக்குகள், பேக்கப் அட்டவணை எதுவும் கலையவில்லை. இதற்காகவே சினாலஜியை மனதாரப் பாராட்டுவேன்.

குறை என்றால் சத்தம். அயன்வுல்ஃப் எழுதும்போது கடகடப்பு நன்றாகக் கேட்கிறது, படுக்கையறைக்கு ஆகாது. ரிப்பேர் ஓடும்போது 512 எம்பி ராமும் திணறுகிறது. ஒவ்வொரு பக்கமும் திறக்க நேரம் எடுக்கும்.

கழற்றிய டிஸ்குகளை வேலை முழுக்க முடியும்வரை அழிக்காதீர்கள், அதில் உங்கள் தரவு அப்படியே இருக்கிறது. இன்னொன்று, இரண்டு டிஸ்க் இருப்பதே பேக்கப் ஆகிவிடாது. ஒரு கோப்பைத் தவறி அழித்தால் இரண்டிலும் போய்விடும். பழைய 2 டிபி ஒன்றை யூஎஸ்பி பெட்டியில் போட்டு, சினாலஜியின் பேக்கப் செயலியான ஹைப்பர் பேக்கப்பில் கேசட் பதிவுகளை மட்டும் அதற்கு அனுப்புகிறேன். அந்த டிஸ்க் இருப்பது அக்கா வீட்டில். புதிதாக ஏதாவது சேர்ந்தால் எடுத்து வந்து ஓட்டிவிட்டுத் திரும்பக் கொடுத்துவிடுவேன்.