ஒரு தேதித் தாளின் இரண்டு பக்கங்கள்: தினசரி காலண்டர் ஒன்றின் மதிப்புரை

சென்ற ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில், பாரிமுனையை ஒட்டிய ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகைகளும் கணக்கு நோட்டுகளும் விற்கும் சிறிய கடை ஒன்றில் 2025-ஆம் ஆண்டுக்கான தினசரி காலண்டரை 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எங்கள் வண்ணாரப்பேட்டையில் நகைக்கடையிலும் மளிகைக்கடையிலும் இலவசமாகவே காலண்டர் கிடைக்கும். அப்படியிருந்தும் காசு கொடுத்து வாங்கியதற்குக் காரணம் இதன் தாள்களின் பின்பக்கம்தான். பெரும்பாலும் வெற்றாகவோ, பாட்டி வைத்தியக் குறிப்போடோ இருக்கும் அந்தப் பக்கத்தில், இந்தக் காலண்டரில் ‘இந்நாளில்’ என்ற தலைப்பில் வரலாற்று நிகழ்ச்சிகளும், ‘தெரியுமா?’ என்ற தலைப்பில் துணுக்குகளும், ‘நாள் நினைவு’ என்ற தலைப்பில் யாரோ ஒருவருடைய சொந்த அனுபவமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆண்டு முழுவதும் ஒரு நாள் விடாமல் படித்தேன். கிழித்த தாள்களை ரப்பர் பேண்டு போட்டு எடுத்தும் வைத்திருக்கிறேன்.

அத்தனை தாள்களையும் பற்றி எழுத இடம் போதாது என்பதால், டிசம்பர் 22, மார்கழி 7, திங்கட்கிழமைத் தாள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் துறைமுகத்தைச் சார்ந்த ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். என் அப்பா துறைமுகத்தில் சரக்கை எண்ணிச் சரிபார்க்கும் டாலி கிளார்க்காக இருந்தவர். அந்தத் துறைமுகத்தில் வேலை பார்த்த குமாஸ்தாக்களிலேயே பெரும்புகழ் பெற்றவரான கணிதமேதை ராமானுஜன் பிறந்த நாள் டிசம்பர் 22. இந்தத் தாளை எப்படித் தயாரித்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே காலண்டரின் தரம் தெரிந்துவிடும் என்று ஜனவரியிலேயே நினைத்தேன்.

முதலில் பொருளின் உறுதியைச் சொல்லிவிடுகிறேன். அட்டை தடிமனாக இருக்கிறது, மழைக்காலத்து ஈரத்திலும் வளையவில்லை. தகரப் பட்டி இறுக்கமாக இருப்பதால் தாளைக் கிழிக்கும்போது இடது மூலையில் ஒரு துணுக்கு எப்போதும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதில் பின்பக்கத்தின் இரண்டு மூன்று எழுத்துகள் போய்விடுகின்றன. தாள் இன்னும் சற்றுக் கனமாக இருந்தால் முன்பக்கத்துத் தேதியின் மை பின்பக்க எழுத்துகளின் ஊடே தெரியாது.

முன்பக்கத்தில் ராகு காலம் 7.30–9.00, எமகண்டம் 10.30–12.00, சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர் என்று வழக்கமான செய்திகள் எல்லாம் பிழையின்றி இருக்கின்றன. இவற்றோடு சென்னைக்கான சூரிய உதயமும் அஸ்தமனமும் நாள்தோறும் தரப்பட்டிருப்பதை இந்தக் காலண்டரின் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன். டிசம்பர் 22 அன்று உதயம் 6.27, அஸ்தமனம் 5.48. பின்பக்கத்தில் ‘ஆண்டின் மிகக் குறுகிய பகல்’ என்று ஒரு வரி. நம் ஊரில் அந்தக் குறுகிய பகலும் பதினொன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் எடுத்து வைத்த தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது இன்னொன்று புலப்பட்டது: ஆண்டிலேயே சீக்கிரமாகப் பொழுது சாய்ந்தது டிசம்பர் 22-இல் அல்ல, நவம்பர் மூன்றாவது வாரத்தில், 5.39-க்கு. அதுபோலவே மிகத் தாமதமாகப் பொழுது விடிந்தது ஜனவரி 20-ஐ ஒட்டிய நாட்களில், 6.36-க்கு. சூரியன் உச்சிக்கு வரும் நேரமே டிசம்பர் மாதத்தில் நாளுக்கு அரை நிமிடம் போலப் பின்னால் தள்ளிப்போவதுதான் இதற்குக் காரணம். காலையும் மாலையும் சேர்ந்தே அந்தத் தள்ளலில் நகர்கின்றன. பகல் வளரத் தொடங்கிய பிறகும் விடியல் ஏன் தாமதமாகிக்கொண்டே போகிறது என்று சிறுவயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். அதற்கான விடையை இந்தத் தாள்கள் எண்களாகவே காட்டிவிட்டன.

அதே வரியை அடுத்து ‘உத்தராயணம் ஆரம்பம்’ என்று போட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்து எங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. தை முதல் நாள்தானே உத்தராயணம் என்று என் மனைவி கேட்டாள். இரண்டும் சரியே. வானத்தில் சூரியன் தென்கோடியைத் தொட்டுத் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுவதால், சூரியன் மகர ராசியில் நுழையும் தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கமாகக் கொள்கிறது. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் இந்த இரண்டு கணக்கும் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது இருபத்து நான்கு நாள் அளவுக்கு இடைவெளி வந்திருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன. இதை இரண்டே வரியில் விளக்கியிருக்கலாம். விளக்காமல் விட்டதால், அடுத்த மாதத் தாளில் தை முதல் நாளன்றும் உத்தராயணம் என்று பார்க்கும் வாசகர், இரண்டில் ஒன்று அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

‘இந்நாளில்’ பகுதியின் முதல் வரி, ‘கணிதமேதை ராமானுஜன் பிறந்த நாள் (1887, கும்பகோணம்)’ என்று தொடங்குகிறது. இது பிழை. ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில். வளர்ந்ததும் பள்ளிக்குப் போனதும் கும்பகோணம். தேசியக் கணித நாள் என்ற குறிப்பு சரியாகவே இருக்கிறது. அவருடைய 125-ஆவது ஆண்டை ஒட்டி, 2011 டிசம்பரில் சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் மன்மோகன் சிங் அதை அறிவித்தார். ஆனால் சென்னையில் அச்சுக்குக் கொடுத்துச் சென்னையில் விற்கும் காலண்டரில், அவர் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார் என்ற செய்தி இல்லை. கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயரும் அவருக்குத் துணை நின்றதும் இல்லை. ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருப் பக்கம் அவர் குடியிருந்ததும் இல்லை. 1913 ஜனவரி 16 என்று தேதியிட்டு கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதம், தன்னைத் துறைமுக அலுவலகக் குமாஸ்தா என்று அறிமுகப்படுத்திக்கொண்டே தொடங்குகிறது. அதில் தனக்குச் சுமார் 23 வயது என்று எழுதியிருக்கிறார்; உண்மையில் அப்போது அவருக்கு 25 நிறைந்திருந்தது. பிறந்த நாளுக்கான தாளில் போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான துணுக்கு கிடைக்குமா? ராயபுரத்தில், கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993-இல் ஏற்படுத்திய ராமானுஜன் அருங்காட்சியகம் இருப்பதையும் ஒரு வரியில் சொல்லியிருந்தால், எங்கள் பகுதிப் பிள்ளைகள் நடந்தே போய்ப் பார்த்திருப்பார்கள்.

‘தெரியுமா?’ பகுதியில், ராமானுஜன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 1729 என்ற எண்ணைப் பற்றிய துணுக்கு. திங்கட்கிழமை மாலை எதிர்வீட்டுப் பிள்ளை, ஏழாம் வகுப்புப் படிப்பவள், எங்கள் வீட்டுத் தாளைக் கையில் பிடித்தபடி வந்து, “மாமா, 13-ஐயும் 123-ஐயும் கூட்டினா 136 தானே, 1729 எப்படி வரும்?” என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். மேலே சிறிதாக இருக்க வேண்டிய 3 என்ற அடுக்கு, அச்சில் கீழே இறங்கிப் பெரிதாகி, ‘1729 = 13+123 = 93+103’ என்று நின்றது. கணக்கின் உயிரே அந்தச் சிறு எண்ணில்தான் இருக்கிறது. தாளின் ஓரத்திலேயே பேனாவால், 1-ஐ மூன்று முறை பெருக்கினால் 1, 12-ஐ மூன்று முறை பெருக்கினால் 1728, 9-ஐ மூன்று முறை பெருக்கினால் 729, 10-ஐ மூன்று முறை பெருக்கினால் 1000 என்று எழுதிக் கூட்டிக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் தானே ஒரு தரம் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள். ‘இரண்டு விதமாக இரு கனங்களின் கூட்டலாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண்’ என்ற வாக்கியத்திலும் ‘நேர்’ என்ற ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. எதிர் எண்களையும் சேர்த்துக்கொண்டால் 91 அதைவிடச் சிறியது: 3-இன் கனம் 27-உம் 4-இன் கனம் 64-உம் சேர்ந்தால் 91, 6-இன் கனம் 216-இல் 5-இன் கனம் 125-ஐக் கழித்தாலும் 91. பிள்ளைகள் படிக்கும் பக்கம் என்று தெரிந்தே அச்சிடும்போது, ஒருமுறை கணக்கு தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டாமா என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த துணுக்கு, 1851 டிசம்பர் 22 அன்று ரூர்க்கியில் இந்தியாவின் முதல் சரக்கு ரயில் ஓடியது என்கிறது. கங்கைக் கால்வாய்க்காகச் சோலானி ஆற்றின் மேல் கட்டப்பட்ட நீர்ப்பாலத்துக்கு மண் சுமந்த ரயில் அது. நாடெங்கும் இப்படித்தான் அச்சிடுகிறார்கள். ஆனால் அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, 1837-இல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சாலை போடுவதற்கான கல்லைச் சுமந்துவர, ஆர்தர் காட்டனின் முயற்சியில் இருப்புப்பாதை போடப்பட்டுவிட்டது. வடசென்னைக்காரர்கள் அன்றாடம் செங்குன்றம் பஸ்ஸில் ஏறி இறங்குகிறோம். நம் ஊருக்கு உரிய பெருமையை நம் ஊர்க் காலண்டரே விட்டுக்கொடுப்பது சரியன்று.

இந்தத் தாளில் என்னை அதிகம் வருத்தியது, ‘தனுஷ்கோடி புயல் (1964)’ என்ற மூன்று சொற்கள்தாம். மேலே பன்னிரண்டு ராசிக்கும் இரண்டிரண்டு சொல் பலனுக்குக் கால் பக்கம் ஒதுக்கியவர்கள், ஒரு ஊரே அழிந்த இரவுக்கு ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் கடல் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கைக்குப் போகும் கப்பலைப் பிடிக்கச் சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயில் ஓடிய ஊர் அது. சுங்கச் சாவடி, தபால் நிலையம், ரயில் நிலையம், தேவாலயம் எல்லாம் அந்த ஒரே இரவில் இடிந்தன. பாம்பன் பாலத்தின் உத்திரங்கள் பெரும்பாலும் கடலில் விழுந்தன. அவற்றில் பலவற்றைக் கடலடியிலிருந்தே மீட்டு, ஆறு மாதம் ஆகும் என்று கருதப்பட்ட வேலையை 46 நாளில் முடித்துக் காட்டினார் அப்போது இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன். 2004 டிசம்பர் 26 காலையில் காசிமேட்டில் கடல் உள்ளே வந்ததை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தி துணுக்கு அன்று. ராசிபலனில் நான்கு வரியைக் குறைத்தாவது இதை விரித்து எழுதியிருக்க வேண்டும்.

குரு கோவிந்த் சிங் (1666), சாரதா தேவி (1853) ஆகியோரின் பிறந்த நாட்களும் இடம்பெற்றிருக்கின்றன. முன்னவருடையது பழைய ஜூலியன் கணக்குத் தேதி. பின்னவருக்கு ராமகிருஷ்ண மடங்களில் திதியைப் பார்த்தே விழா எடுக்கிறார்கள். இதையும் சொல்லவில்லை.

இத்தனை குறைகளைச் சொன்ன பிறகும் இந்தக் காலண்டரை விட எனக்கு மனம் வரவில்லை என்றால், அதற்கு ‘நாள் நினைவு’ பகுதியே காரணம். அன்றைய ஒன்பது வரிகளில், பெரம்பூர்ப் பக்கம் வளர்ந்த ஒருவர், மில் சங்கு ஊதிய காலத்து மார்கழிக் காலையை நினைவுகூர்கிறார். ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் அவருடைய அப்பா, தன் சைக்கிள் அம்மா அப்போதுதான் போட்டு முடித்த கோலத்தை மிதிக்காமல் இருக்க, தெருமுனையிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வருவாராம். கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையாரின் தலையில் செருகிய பூசணிப் பூ மட்டும் அந்த இருட்டில் மஞ்சளாகத் தெரியுமாம். ‘பொழுது விடிய நேரமாகும் மாதம் என்பதால், அப்பா வீட்டுக்குள் வந்த பிறகுதான் வெளிச்சம் வரும்’ என்று அவர் முடித்திருப்பதைப் படித்தபோது, நாள்காட்டியின் முன்பக்கத்து உதய நேரமும் பின்பக்கத்து நினைவும் ஒன்றையொன்று தொட்டதாக உணர்ந்தேன். எல்லா நாளும் இந்தத் தரம் இல்லை. ஜனவரித் தாள்கள் சிலவற்றில் பனி மூடிய மலையும் கணப்பு அடுப்பும் வருகின்றன. எங்கிருந்தோ எடுத்துப் போட்டது தெளிவாகத் தெரிகிறது. சிவராத்திரியோடு சிவசிவ என்று போய்விடும் நம் பனிக்கு, இங்கே வாழ்ந்தவர்கள் எழுதியதே போதும்.

செவ்வாய்க்கிழமை அலுவலகம் முடிந்து அதே கடைக்குப் போனேன். 2026-ஆம் ஆண்டுக் காலண்டர் வந்திருந்தது. விலை 200 ரூபாய். வாங்கும் முன் டிசம்பர் 22-ஆம் தேதித் தாளைப் புரட்டிப் பார்த்தேன். கும்பகோணம் அப்படியே இருந்தது, 13+123-உம் அப்படியே இருந்தது; ‘நாள் நினைவு’ மட்டும் புதியது, கொத்தவால் சாவடிப் பக்கம் குளிரில் காய்கறி மூட்டை இறக்கிய ஒருவருடையது. கடைக்காரரிடம் பிழைகளை எடுத்துச் சொன்னேன். “அச்செல்லாம் முடிஞ்சு வந்துடுச்சு சார். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளோட ஆல்பம் வெளியிடுவாங்க, அதுக்கு முன்னாடியே சிவகாசிக்குச் சொல்லிடறேன், எழுதிக் கொடுங்க” என்றார். அன்று கிழித்த தாள் ஒன்றின் ஓரத்தில் ஈரோடு, செங்குன்றம் 1837, சிறிய 3 என்று எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு ஒன்றும் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமாக இரண்டு வாங்கி வந்தேன்.