நுரையீரல் சிரை அடைப்பு: பலூனா, ஸ்டென்ட்டா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்புக்காக அப்லேஷன் (நுரையீரல் சிரைகள் இதயத்தில் சேரும் இடத்தில் சூடு வைக்கும் சிகிச்சை) செய்துகொண்ட ஒருவருக்குச் சில மாதங்கள் கழித்து மூச்சிரைப்பும் விடாத இருமலும் வருகின்றன. எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு. நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்தால் திட்டு கரைவதில்லை. சளியில் ரத்தம் கலந்து வந்த பிறகுதான் பலருக்கும் சிரையின்மேல் சந்தேகமே வருகிறது.

சூடு வைத்த இடத்தில் தழும்பு இறுகிச் சிரை சுருங்கினால், இதயத்தின் இடது மேலறைக்குப் போகவேண்டிய ரத்தம் நுரையீரலிலேயே தேங்கும். நீர் கசியும், நுண்குழாய்கள் கிழியும், கடைசியில் அந்தப் பகுதித் திசு செத்தும் போகலாம். சாதாரண எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட்) இது தப்பிவிடும். ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில்தான் சிரைகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்.

சரி, அடைப்பு உறுதியாகிவிட்டது. பலூனால் விரித்துவிட்டு வருவதா, சிரையைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயையும் வைப்பதா? போகும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்: தொடைச் சிரை வழியாக ஏறி, மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் நுழைய வேண்டும். அன்றைக்குக் கிடைக்கும் பலனும் ஏறக்குறைய சமம். பிறகுதான் பலூன் பின்தங்குகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பலூன் மட்டும் போட்ட சிரைகளில் பாதிக்கு மேல் மறுபடி சுருங்கின. ஸ்டென்ட் வைத்தவற்றில் கால்வாசியைச் சற்றே தாண்டியது.

அதற்காக எல்லாருக்கும் ஸ்டென்ட் என்று சொல்லிவிட முடியாது. சிரை 10 மி.மீ. விட்டத்துக்கு விரிய இடமிருந்தால் என் ஓட்டு ஸ்டென்ட்டுக்கே. சிறிய ஸ்டென்ட்டோ உள்ளே திசு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். கழற்றி எடுக்கவும் வழியில்லை. கிளை பிரியும் இடத்தில் வைத்தால் கிளையின் வாயை மறைத்துவிடும். அரிதாக நழுவி மேலறைக்குள் விழுவதும் உண்டு. இங்கெல்லாம் பலூனே மேல், திரும்பத் திரும்பப் போட வேண்டி வந்தாலும். குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும் சுருக்கம் வேறு கதை. அங்கே அறுவைச் சிகிச்சையும் போட்டியில் இருக்கும்.

லேசான சுருக்கம், தொந்தரவும் இல்லை என்றால் காத்திருந்து கண்காணிக்கலாம். கடுமையான சுருக்கத்தில் காத்திருப்பதுதான் ஆபத்து: முழுக்க மூடிய சிரையில், பலூனுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி நுழைவதே பெரும்பாடு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில மாதங்களில் மறுபடி சி.டி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மற்ற சிரைகள் சுமையைத் தாங்கிக்கொள்வதால், ஒன்று திரும்ப அடைத்தது நோயாளிக்கே தெரியாமல் போகலாம்.